புலியா என்று கேட்ட ஜட்ஜு

வெள்ளைக்காரன் காலம். ஆவடி ரயிலில் எனக்கு எதிரே இருந்த அம்மாள், ஜன்னலோரம் வேடிக்கை பார்த்த தன் தம்பியைக் காட்டிப் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்:

"இவனைப் பார்த்து, 'நீ புலியா?'ன்னு ஜட்ஜு கேட்டாரு. ஆமான்னு தலையாட்டினான்."

"இன்னாக்கா சொல்றே?"

"இவனுக்குப் பொறவியிலேயே காது கேக்காது, பேச்சும் வராது. யாரு இன்னா கேட்டாலும் தலையாட்டுவான். கொலை பண்ணியான்னு கீழ்க்கோர்ட்ல கேட்டதுக்கும் ஆட்டிக்கீறான். தூக்குன்னு தீர்ப்பு எழுதிட்டாங்க. ஐகோர்ட்டு ஜட்ஜுதான் புலியான்னு கேட்டு, விஷயத்தைப் புரிஞ்சிகினு விடுதலை பண்ணாரு."

"தூக்குல போட இருந்தாங்கன்னு தம்பிக்குத் தெரியுமா?"

"எங்க தெரியும்? காலைல ஜெயில் வாசல்ல நாங்கல்லாம் கட்டிப் புடிச்சி அழுதோம். 'ஊட்ல யாரு செத்தாங்க?'ன்னு சைகையில கேக்குறான்!"