“வேறென்ன சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்ட ரெகுலா

மேடையில் அமர்ந்திருக்கும் ஊர்த்தலைவர் அவர்களே, போதகர் அவர்களே, மருந்தாளர் சங்கத்திலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, லிண்டன் மருந்தகத்தின் பணியாளர்களே, ரெகுலா அம்மையாரின் கையால் ஒரு முறையாவது மருந்து வாங்கிய ஹைடன் ஊர் மக்களே! உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

என் பெயர் உர்ஸ் எக்கர். இருபத்தெட்டு ஆண்டுகள் சிறுநீரக மருத்துவனாக இருந்து ஓய்வு பெற்றவன். ரெகுலா ஸ்டுர்செனெகரைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதி உள்ளவர்கள் இந்த மண்டபத்தில் முந்நூறு பேர் இருக்கிறீர்கள். ஆனால் அவரை மருந்தாளர் தொழிலைவிட்டே விலக்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுப் புகார் அனுப்பியவன் நான் ஒருவன்தான். அப்படிப்பட்டவன் ஏன் இங்கே நிற்கிறேன்? அவரே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: “உர்ஸ் பேசட்டும். அவருக்குத்தான் கதை முழுசாத் தெரியும். அழ ஆரம்பிச்சா பிடிச்சு உட்கார வெச்சிடுங்க.”

அழமாட்டேன், ரெகுலா! வென்று முடித்தவருக்காக யாராவது அழுவார்களா?

நண்பர்களே, அவருடைய மருந்தகத்தை நீங்கள் அறிவீர்கள். இடப்பக்கச் சுவர் முழுவதும் உலர்ந்த பூவும் இலையும் வேரும் நிறைந்த மர இழுப்பறைகள். வலப்பக்கம் மாத்திரைகள், ஊசி மருந்துகள். நடுவில் ஒரே ஒரு மேசை. அந்த இடப்பக்கச் சுவர் என் கண்ணை உறுத்தியது. பெரிய மருத்துவமனையில் இருந்த நாங்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தோம். “வைக்கோல் கடை” என்போம். “அங்க போனா மாடுதான் குணமாகும்” என்று நான் சொல்வேன். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். எவ்வளவு மலிவான சிரிப்பு அது!

1999ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். ஹான்ஸ்ஊலி சூபர்பூலர் என் நோயாளி. மாடு வளர்ப்பவர். அதற்கு முந்திய குளிர்காலத்தில் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியிருந்தோம். கொடுத்தவர் அவர் மனைவி அன்னெலீஸ். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்க நாள்தோறும் மாத்திரை போட வேண்டும். அந்த மாத்திரையின் அளவு அவர் இரத்தத்தில் திடீரென்று சரியத் தொடங்கியது. நான் கூட்டிக் கொடுத்தேன். அப்போதும் சரிந்தது. சிறுநீரகம் வாடத் தொடங்கிவிட்டது. எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது.

“மாத்திரையை ஒழுங்காப் போடுறீங்களா இல்லையா?” என்று கேட்டேன்.

“போடுறேன் டாக்டர்.”

“பொய் சொல்லாதீங்க. உங்க சம்சாரம் வயித்தைக் கிழிச்சுக் கொடுத்தது அது. குப்பையில போடறதுக்கா கொடுத்தாங்க?”

அன்னெலீஸ் பக்கத்திலேயே இருந்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

இருவரும் பேருந்தில் ஊர் திரும்பினார்கள். இறங்கியதும் அன்னெலீஸ் நேரே லிண்டன் மருந்தகத்துக்குப் போய், மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு கொட்டித் தீர்த்தார். அதை அவரே பிறகு எனக்குச் சொன்னார்.

“இவர் பொய் சொல்றாராம்! காலையிலயும் சாயங்காலமும் நான்தானே மாத்திரையை எடுத்துக் கையில கொடுக்கிறேன். முழுங்கற வரைக்கும் பார்த்துட்டு நிக்கிறேன். அந்த டாக்டருக்கு என்ன தெரியும்?”

ரெகுலா ஆறுதல் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டார். “வேற என்ன சாப்பிடுறார்?”

“வேற ஒண்ணும் இல்லையே.”

“டீ? கஷாயம்? யாராச்சும் நல்லதுன்னு சொல்லிக் கொடுத்தது?”

வாசற்படியில் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்ற ஹான்ஸ்ஊலிதான் பேசினார்.

“மஞ்சப் பூ மாத்திரை ஒண்ணு... யோவான் பூ. ஜூலையிலேர்ந்து போடுறேன். இந்த வருஷம் கோடை மேய்ச்சலுக்கு மாட்டை மலைக்கு ஓட்டிட்டுப் போக முடியல. தம்பிதான் போனான். தொழுவம் காலியாக் கிடக்கு. மனசு எதுலயும் ஒட்டல. மனச்சோர்வுக்கு இந்தப் பூ நல்லதுன்னாங்க, அதான்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?” என்றார் அன்னெலீஸ்.

“உன் சிறுநீரகத்தை வாங்கிட்டு, சோகமா இருக்குன்னு உன்கிட்டயே எப்படிச் சொல்றது?”

ரெகுலா கேட்டார்: “பூ மாத்திரையை எங்க வாங்கினீங்க?”

“இங்கதான்.”

“யார் கொடுத்தது?”

“நீங்கதாம்மா. ஒரு டப்பா கேட்டேன். மாடெல்லாம் எப்படி இருக்குன்னு விசாரிச்சுக்கிட்டே எடுத்துக் கொடுத்தீங்க.”

அன்பர்களே! அந்த நொடியை எண்ணிப் பாருங்கள். அந்தப் பூ வேறு மருந்துகளை முறித்துவிடுகிறது என்ற எச்சரிக்கை அப்போதுதான் மருந்தாளர் இதழ்களில் வரத் தொடங்கியிருந்தது. ரெகுலா அதைப் படித்திருந்தார். யாருக்கு என்று கேட்காமல் டப்பாவை நீட்டியது அவர் கை. அதை அறிந்தவர்கள் அந்த அறையில் இருந்த மூவர் மட்டுமே. ‘அதை நிறுத்திடுங்க, யாருக்கும் சொல்ல வேணாம்’ என்று மெதுவாகச் சொல்லியிருக்கலாம். நம்மில் எத்தனை பேர் அப்படிச் செய்திருப்போம்? நான் செய்திருப்பேன்!

அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “வைக்கோல் கடைக்காரங்க எனக்குப் பாடம் நடத்த வேணாம்” என்று சொல்லி வைத்துவிட்டேன். பட்டப்பகலில் மருந்தகத்தைப் பூட்டிவிட்டு, வெள்ளை அங்கியோடு பேருந்து ஏறி வந்தார். ஒரு கையில் டப்பா, மறு கையில் இதழிலிருந்து கிழித்த தாள். என் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தார்.

“நான்தான் கொடுத்தேன், டாக்டர். கேக்காம கொடுத்தது என் தப்பு. இந்தப் பூ கல்லீரலை முடுக்கிவிட்டுடும். நீங்க கொடுக்கிற மருந்து வேலை செய்யறதுக்குள்ள அது கரைச்சுத் தள்ளிடும். படிச்சுப் பாருங்க.”

“உங்க மேல புகார் எழுதப் போறேன்” என்றேன்.

“எழுதுங்க, நிதானமா எழுதுங்க. இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. பூவை நிறுத்தியாச்சு. நீங்க மாத்திரையைக் கூட்டி வெச்சிருக்கீங்க இல்லையா? இனிமே அளவு விறுவிறுன்னு ஏறும். பழையபடி குறைக்கலன்னா அதுவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரத்தத்தை அடிக்கடி பாருங்க.”

கோபத்தில் அந்த இரண்டாவது ஆபத்து என் நினைவுக்கே வந்திருக்காது. அவர் சொன்னார், பார்த்தேன். பத்தாம் நாள் அளவு ஏறத் தொடங்கியது. படிப்படியாகக் குறைத்தேன். பத்தொன்பதாம் நாள் சிறுநீரகம் தெளிந்தது.

அதற்குப் பிறகும் நான் புகாரை அனுப்பினேன். ஆம், அனுப்பினேன்!

பிப்ரவரியில் விசாரணை. ஐந்து பேர் கொண்ட குழு. ரெகுலா வழக்கறிஞரை அழைத்து வரவில்லை. “தப்பு என்னோடதுதான்” என்று எழுந்து சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“டாக்டர் எக்கர், வேறென்ன சாப்பிடுறீங்கன்னு நீங்க ஹான்ஸ்ஊலிகிட்ட கேட்டீங்களா?”

“இல்லை.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பாரா?”

அவரே பதில் சொன்னார். “சொல்லியிருக்க மாட்டார். நீங்க சிரிச்சிருப்பீங்க. நான் கேக்காததால ஒரு சிறுநீரகம் போக இருந்துது. நீங்க சிரிக்கிறதால எத்தனை போகுதுன்னு யாருக்குத் தெரியும்?”

குழு அவரை எச்சரித்து அனுப்பியது. என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று தீர்ப்பு வாங்கியவன் நான்தான். அடுத்த வாரம் முழுவதும் என் நோயாளிகள் நாற்பத்தொரு பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன், சிரிக்காமல். இருபத்துமூன்று பேர் எனக்குத் தெரியாமல் ஏதோ ஒன்றை உண்டோ குடித்தோ வந்திருந்தார்கள். இருபத்துமூன்று பேர்! ஒரு பாட்டி அதிமதுரக் கஷாயம் குடித்துக் குடித்தே இரத்த அழுத்தத்தை ஏற்றி வைத்திருந்தார். அதற்கு நான் நான்கு மாத்திரைகள் எழுதியிருந்தேன்.

அந்தப் பட்டியலோடு வாழ்க்கையில் முதன்முறையாக லிண்டன் மருந்தகத்துக்குள் காலடி வைத்தேன். ரெகுலா நிமிர்ந்து பார்த்தார்.

“வாங்க டாக்டர். வைக்கோல் எத்தனை கிலோ வேணும்?”

அன்று அந்த மேசையில் உட்கார்ந்து நாங்கள் எழுதியதுதான் முழுச் சீட்டு. மருத்துவர் தருவது, மருந்தகத்தில் வாங்குவது, தோட்டத்தில் பறிப்பது, அக்கா சொன்னது, எல்லாம் ஒரே தாளில். எது எதோடு சேரும், எது எதோடு மோதும் என்று பக்கத்திலேயே குறிப்பு. இன்று உங்கள் ஒவ்வொருவர் பணப்பையிலும் அந்தத் தாள் இருக்கிறது.

அதற்காக அவர் மூலிகையைக் கைவிட்டாரா? மாத்திரைக்கு அடிபணிந்தாரா? நம் பாடகர் குழுவின் தலைவி த்ரூடியைக் கேளுங்கள். மார்பில் கட்டி என்று தெரிந்ததும் த்ரூடி மருந்தகத்துக்குப் போய், “கத்தி வேணாம். உன் இழுப்பறையிலேர்ந்து ஏதாவது கொடு” என்றார்.

“என் இழுப்பறையில இதுக்கு ஒண்ணும் இல்ல.”

“இத்தனை வருஷமா மூலிகை மூலிகைன்னு சொன்னியே!”

“கட்டியை எடுக்கக் கத்திதான் வேணும், த்ரூடி. அதுக்கப்புறம் குமட்டல் வரும், தூக்கம் போகும், காலெல்லாம் ஐஸா இருக்கும். அதுக்கெல்லாம் நான் இருக்கேன். கோட்டு மாட்டிக்கோ, நானும் வர்றேன்.”

போனார். அறுவைக்குப் பிறகு எங்கள் மருத்துவமனைக்கே வந்து, த்ரூடியின் கால்களுக்கு லாவெண்டர் எண்ணெய் தேய்த்து, வயிற்றில் வெந்நீர்த் துணி சுற்றினார். தலைமைச் செவிலி வேடிக்கை பார்க்க வந்தார். மறுநாள் கற்றுக்கொள்ள வந்தார். ஆறே மாதத்தில் அந்தத் தளத்தின் செவிலியர் எல்லாரும் கற்றிருந்தார்கள். அது பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு. சற்றுமுன் இந்தக் கூரை அதிரப் பாடினாரே, அவர்தான் த்ரூடி!

சென்ற ஆண்டு ரெகுலாவுக்கே கணையத்தில் புற்றுநோய் கண்டது. தன் சீட்டைத் தானே எழுதி என்னிடம் நீட்டி, “மோதுறது ஏதாவது இருக்கா பாருங்க” என்றார். ஒன்றைக் கண்டுபிடித்தேன். “பரவாயில்ல, தேறிட்டீங்க” என்றார். எனக்குக் கிடைத்த பட்டங்களில் அதைவிடப் பெரியது ஒன்று உண்டா?

மார்ச் மாதம், நம் மாநிலத்தின் எல்லா மருந்தகங்களும் எல்லா மருத்துவமனைகளும் முழுச் சீட்டைப் பயன்படுத்த வேண்டும் என்று ஆணை வந்தது. படுக்கையருகே உட்கார்ந்து படித்துக் காட்டினேன். கண்ணை மூடியபடியே கேட்டுவிட்டு, “எழுத்து ரொம்பச் சின்னதா இருக்குமே. பெருசா அச்சடிக்கச் சொல்லுங்க. வயசானவங்க எப்படிப் படிப்பாங்க?” என்றார். பெரிதாகவே அச்சடித்திருக்கிறார்கள், ரெகுலா!

அன்பர்களே, மூன்றாம் வரிசையைப் பாருங்கள். ஹான்ஸ்ஊலி, எழுந்து நில்லுங்கள். அன்னெலீஸ், நீங்களும். ஹான்ஸ்ஊலிக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. இந்தக் கோடையிலும் மலைக்கு மாடு ஓட்டிப் போனவர். அந்தச் சிறுநீரகம் இன்றும் வேலை செய்கிறது! இதைவிடப் பெரிய நினைவுச்சின்னத்தை யாரால் எழுப்ப முடியும்?

மருத்துவர்களே, செவிலியர்களே, மருந்தாளர்களே, என்னோடு சேர்ந்து உறுதி ஏற்றுக்கொள்ளுங்கள். நாம் கேட்போம். கேட்கும்போது சிரிக்கமாட்டோம். நம் கை தவறினால், மறைக்காமல் பேருந்து ஏறிப் போய்ச் சொல்வோம். ஊர் மக்களே, நீங்கள் ஓர் உறுதி தாருங்கள்: எங்களிடம் எதையும் ஒளிக்காதீர்கள், உங்கள் சோகத்தையும் சேர்த்து.

துக்கத்துக்காக மருந்தகத்தை ஒரு நாள்கூட மூடக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். பத்தொன்பது ஆண்டுகள் அவரோடு பணிசெய்த வெரேனாவின் கையில் சாவி இருக்கிறது. நாளை காலை எட்டு மணிக்கு லிண்டன் மருந்தகம் திறந்திருக்கும். உங்கள் சீட்டோடு வாருங்கள்.