தள்ளுவண்டியில் போன முட்டைக்கோசு

குன்னூரில் பஸ் கிளம்பியதுமே, முன் சீட்டில் இருந்த கர்ப்பிணிப் பெண் கணவரிடம் சொன்னாள்:

“மூத்தவளுக்கு வாங்குன அந்தத் தள்ளுவண்டியில புள்ள போனத விட முட்டைக்கோசு போனதுதானுங்க அதிகம்.”

அதன் பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

“நம்மூரு ரோடு அப்படி. மேட்டுல தள்ள முடியல, எறக்கத்துல புடிக்க முடியல.”

“ஆமாங்க. கோசு உருண்டா எடுத்துக்கலாம். புள்ள உருண்டா?”

“சரி, இந்தத் தடவ வண்டி வேண்டாம். தொட்டிலு?”

“என்ற சேலையில தூளி கட்டிக்கலாம்.”

“அப்ப ஒண்ணுமே வாங்க வேண்டாங்கற.”

“துணி காய வெக்க ஒரு ஹீட்டர் வாங்குங்க. ஆடி மழையில பொறக்கற புள்ளைக்கு எந்தத் துணி காயும்? மூத்தவளுக்குக் கரியடுப்பு மேல கூடையக் கவுத்துக் காய வெச்சு, அவ மேலயே பொகை வாசம். ஆனா அதுவும் பொறந்ததுக்கு அப்புறந்தான். அதுக்கு முன்னாடி ஒரு நூலு கூட ஊட்டுக்குள்ள வரக்கூடாது.”

வெலிங்டன் தாண்டியதும் கணவர் பைக்குள் கைவிட்டு, ஒரு சின்ன மஞ்சள் கம்பளிக் குல்லாவை எடுத்தார்.

“நேத்தே வாங்கிட்டேன். திட்டாத. பொறந்த ஒடனே குளிருமில்ல?”

அவள் திட்டவில்லை. குல்லாவுக்குள் விரல்களை விட்டு விரித்துப் பார்த்தாள்.

“ஒண்ணுதான் வாங்குனீங்களா?”

“ஏன், ரெட்டையா?”

“மூத்தவளுக்கும் இதே மஞ்சள்ல ஒண்ணு வாங்கோணுமுங்க. இல்லீனா இத இந்தப் புள்ள தலையில இருக்க உடுவாளா?”