பதினைந்தாவது கையெழுத்து

எங்கள் விலங்கியல் துறையில் மத்தியானச் சாப்பாட்டை எல்லோரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுவோம். பேராசிரியர், ஆய்வு மாணவர், ஆய்வக உதவியாளர் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. நான் துறைத்தலைவரான பிறகு கொண்டுவந்த வழக்கம் அது.

இலக்கியா கட்டுமாவடிப் பெண். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு நான்தான் வழிகாட்டி. நண்டு இரத்தத்திலுள்ள புரதங்களைப் பற்றிய ஆய்வு. மூன்று மழைக்காலம் விடியற்காலையில் படகுகளுக்குக் காத்திருந்து அவள் சேகரித்த மாதிரிகள் எங்கள் ஃப்ரீசரில் இருந்தன. உறைநிலை போய்விட்டால் அவை ஒன்றுக்கும் உதவாது.

போன வருடம் கல்லூரிக்கு வரும் நிதி குறைந்தது. ஆய்வு மாணவர்களின் உதவித்தொகையை நிர்வாகம் பாதியாக்கியது. வகுப்பெடுப்பதும் விடைத்தாள் திருத்துவதும் மட்டும் குறையவில்லை. பதினான்கு பேர் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். எல்லோரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசும்வரை விடைத்தாளைத் தொட மாட்டோம் என்று எழுதியிருந்தது. முதல் கையெழுத்து இலக்கியாவுடையது. பதினைந்தாவதாக, ஆதரவு என்று எழுதி, ஆய்வக உதவியாளர் வெள்ளைச்சாமியும் கையெழுத்திட்டிருந்தார்.

முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "ஒங்க ஸ்டூடண்ட்தான் முன்னால நிக்கிது. நீங்களே பேசி முடிங்க" என்றார்.

நான் அன்பாகத்தான் பேசினேன். "ஒனக்கு மட்டும் முழுசா வாங்கித் தர்றேம்மா. வெளிய சொல்லிக்க வேணாம்."

"எனக்கு மட்டும் வேணாம் சார். பதினாலு பேருக்கும் பேசுங்க" என்றாள்.

அதுவரை என் மாணவர் யாரும் என்னிடம் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனாலும் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய மாலை எல்லோரும் போன பிறகு, என்னிடமிருந்த இன்னொரு சாவியால் ஆய்வகத்தைத் திறந்து ஃப்ரீசரின் சுவிட்சை அணைத்தேன். ஒரு நாள் கழித்து வந்து போட்டுவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் திருவரங்குளத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது கல்லூரி வாசல் வழியாகத்தான் போனேன். காரை நிறுத்தவில்லை. திரும்பும்போதும் நிறுத்தவில்லை.

ஐந்தாம் நாள் கதவைத் திறந்ததும் நாற்றம் வராந்தாவரை வந்தது. இலக்கியா அழவில்லை. பைகளை ஒவ்வொன்றாக எடுத்து லேபிளைப் படித்துப் படித்து வாளியில் போட்டாள். "இனி மூணு மழை பாக்கணும் சார்" என்றாள்.

மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. கடைசியாகப் போகிறவர் சுவிட்சுகளை அணைக்க வேண்டும். அந்த வேலை வெள்ளைச்சாமியுடையது. கல்லூரி நடத்திய விசாரணையில் நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. சாவி அவரிடம் இருந்தது என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான். அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள்.

கால நீட்டிப்பு வாங்கித் தருகிறேன், கையெழுத்தை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள் என்று இலக்கியாவிடம் சொன்னேன். அவள் திரும்பப் பெற்ற வாரத்திலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். பாதித் தொகைக்கே விடைத்தாள் திருத்தினார்கள்.

வெள்ளைச்சாமி பஸ் ஏறிக் கட்டுமாவடி வரைக்கும் போயிருக்கிறார். "நான் அணைக்கலத்தா, சத்தியமா" என்று வாசலில் நின்று சொல்லியிருக்கிறார். அவள் கதவைச் சாத்திவிட்டாள். அதை அவளே என்னிடம் சொன்னாள். நீ செய்தது சரிதான் என்றேன்.

ஆவணியில் அவர் இறந்துபோனார். மாரடைப்பு. ஏற்கெனவே சர்க்கரை இருந்த உடம்பு. கல்லூரியிலிருந்து மாலையோடு போனது நான் ஒருவன்தான். அவர் மனைவி மூக்காயி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாச்சும் வந்தீங்களே சார்" என்று அழுதார். அந்த அம்மா கொடுத்த மனுவை வைத்துத்தான் இப்போது நீங்கள் என்னை விசாரிக்கிறீர்கள். நானும் மறைக்கவில்லை. அணைத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை இப்போதைக்கு இலக்கியாவிடம் சொல்ல வேண்டாம். மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள், மனசு கலங்கிவிடும். அந்தப் பெண்ணுக்கு இங்கே என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?