ரேடியேட்டரில் மஞ்சள்தூள்

"ரேடியேட்டர்ல மஞ்சத்தூளா? இன்னாக்கா சொல்ற?"

தாம்பரத்திலிருந்து படப்பை போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் சேலையூரில் பழைய பள்ளி வேன் ஓட்டுகிறவர்.

"நான் போடலம்மா. எனக்கு முன்னாடி ஓட்டனவரு லீக் நிக்கும்னு கொட்டி வெச்சிகிறாரு. லீக்கும் நின்னுச்சி, உள்ள தண்ணி ஓடுற குழாயும் அடைச்சிகிச்சி. இஞ்சின் கொதிச்சிப்போச்சி."

"எங்க லோடு வண்டி ரேடியேட்டரும் ஒழுவுதுன்னு எங்க வூட்டுக்காரரு லீக் அடைக்கிற மருந்து ஒரு பாட்டில் வாங்கியாந்துகிறாரு. உள்ள இருக்கிற கூலண்ட் தண்ணியோட ஊத்தனா தானா அடையுமாம்."

"பழைய வண்டிக்கு ஊத்தாத. ஓட்டைய மட்டும் பாத்து அடைக்க அதுக்குக் கண்ணா கீது?"

"நீ இன்னா பண்ற?"

"வண்டிய நிறுத்தனதும் அடியில ஒரு அட்டைய விரிச்சிடுவேன். காலையில அட்டை காஞ்சிருந்தாத்தான் வண்டி எடுப்பேன். ஒரு சொட்டு இருந்தாலும் நேரா மெக்கானிக்தான்."

"அன்னிக்குப் புள்ளைங்க?"

"பதினோரு பேரு. வூடு வூடாப் போயி கூட்டிகினு, பஸ்ல கொண்டுபோயி விட்ருவேன்."

 இளையவள் போனை எடுத்து வீட்டுக்காரரை அழைத்தாள்.

"இன்னாங்க, அந்த பாட்டில பிரிக்காதீங்க. வூட்ல பெரிய அட்டை எதுனா கீதா பாருங்க."