பாலைத் தோப்பின் பாரம்

தலைமை தாங்கும் பெரியவர் தேசப்பன் அவர்களே! கழியும் கால்வாயும் கண்டு கனிந்த மூத்தோர்களே! விறகு சுமந்து வீதிக்கு வீதி அடுப்பெரியச் செய்யும் தாய்மார்களே! தோணி தள்ளும் தோழர்களே! வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தத் தாளை நானே எழுதினேன். முதியோர் வகுப்பில் கற்ற எழுத்து. ஒன்று படுத்திருக்கிறது, ஒன்று மேல்வரியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இடையில் நின்றால் பேச்சு மறந்ததென்று எண்ணாதீர்கள். என் எழுத்தை நானே தேடுகிறேன்! இந்த வயதில் அதுவும் ஓர் ஆனந்தம்.

எண்ணூர்க் கழிக்கு அப்பால் நம் தீவு. அங்கே விழுந்த மரத்தை எடுப்போம்; நிற்கும் பாலை மரத்தில் கோடரி வைக்கமாட்டோம். அதுதான் நம் வழக்கம். இன்றோ, அந்தத் தோப்பையே வெட்டி விற்பனைக்கு ராயபுரத்து விறகுத் தொட்டிக்கு ஏற்ற நம் சங்கத்தில் தீர்மானம் வந்திருக்கிறது. கொண்டுவந்த செயலாளர் பக்தவச்சலம் வாசலில் என்னிடம் சொன்னார்: "வெட்டுனா இன்னா நைனா? அந்த எடத்துல வேலிக்காத்தான் தானா மொளைக்கும். மரத்துக்கு மரம் சரியாப் பூடும்."

சரியாகப் போய்விடுமா? தீவில் பாதியை அந்த முள்மரம் வளைத்துக்கொண்டதே, சரியாகப் போய்விட்டதா?

சென்ற மாதம் நம் தோணிக்காரர் லோகநாதன் வேலிக்காத்தான் விறகு ஏற்றினார். பாலை விறகென்றால் தோணி பாதி நிறையும் முன்பே விளிம்புவரை அமிழும். இதுவோ கோணல் குச்சி, இடையெல்லாம் காற்று. அமிழவில்லையே என்று மேலே மேலே அடுக்கினார். அடுக்கியது மலை, அமிழ்ந்தது சாண்! கால்வாய்ப் பாலத்தடியில் மலை மாட்டிக்கொண்டது. கரையிலிருந்து, விறகு சுமக்கும் நம் முத்தம்மா, "இன்னா மாமு, பாலத்துக்கு முட்டுக் குடுத்துகினு கீறியா?" என்றாள். முள் குத்திய கையை உதறியபடி அவர் கத்தினார்: "சிரிக்காத மே! இத்தினி ஏத்தியும் தக்கையாட்டம் மெதக்குது!"

பின்வரிசையில் சிரிப்பது யார்? லோகநாதனா? சிரியுங்கள் ஐயா! உங்கள் தோணி சொன்னதைத்தான் நான் எழுதி வந்தேன். காடென்பது வெறும் பசுமையா? மழையைச் சேர்த்து, மண்ணைச் சேர்த்து, பாட்டன் காலந்தொட்டு வைரம் பாய்ந்த பாரம் அல்லவா? ஒரு பகலில் அதை வெட்டலாம். ஒரு பகலில் வளர்க்கலாமா?

அந்தத் தோப்பில் என் மனைவி கோவிந்தம்மா பாலைப்பழம் பொறுக்கித் தருவாள். அதன் பால் உதட்டோடு உதட்டை ஒட்டிவிடும். "இப்போ பேசு, பாக்கலாம்!" என்று சிரிப்பாள். அவள் போய்விட்டாள். தோப்பைக் கடக்கும்போதெல்லாம் இன்றும் என் உதடு தானாக ஒட்டிக்கொள்கிறது. அந்த மரங்களும் போனால் நான் எங்கே போய் அவளிடம் பேசாமல் நிற்பேன்?

முள்ளை வெட்டுவோம், முதல் கோடரி நான் தூக்குகிறேன். தோப்பு நிற்கட்டும். அதற்குக் காட்டிலாகாவுக்கு மனு வேண்டுமா? வருகிற வாரம் என் கையாலேயே எழுதுகிறேன். பாலை வளர்வதுபோல மெதுவாகத்தான் எழுதுவேன். ஆனால் எழுதி முடிப்பேன்!

தோப்பு வேண்டுமென்போர் கை தூக்குங்கள். அதோ முத்தம்மா! அதோ லோகநாதன், முள் குத்திய அதே கை! பக்தவச்சலம் அவர்களே, உங்கள் கை இன்னும் மேசைமேல் இருக்கிறது. காத்திருக்கிறேன்.

ஒட்டிய உதட்டைத் திறக்க இடம் தந்த சபைக்கு நன்றி. வணக்கம்.