டிங் சொல்லாத மூடிகள்

உட்காருங்கள். இரண்டு பேருக்கும் காப்பி ஊற்றியிருக்கிறேன். கேக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து எனக்குத்தான் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆர்லீனைப் பற்றிக் கேட்கத்தானே ஷெரிப் உங்களை அனுப்பினார்? நாற்பது வருடத் தோழி. மாவட்டக் கண்காட்சியில் மாதக்கணக்கில் கெடாமல் ஜாடியில் அடைத்த பீன்ஸுக்கு அவள் வாங்கிய முதல் பரிசு நீல ரிப்பன்களை ஒட்டுப்போட்டால் அயோவா முழுவதற்கும் போர்வை தைக்கலாம். எனக்கு எப்போதும் சிவப்பு, இரண்டாம் பரிசு. நான் பொறாமைக்காரி இல்லை.

ஆர்லீன் காதால் ஜாடி போடுகிறவள். வேகவைத்த ஜாடி ஆறும்போது தகர மூடி உள்ளே இழுபட்டு 'டிங்' என்னும்; காற்றுப் புகாமல் இறுகிவிட்டது என்று அர்த்தம். நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணுவாள். டிங் சொல்லாத ஜாடி, வைத்திருந்தால் உள்ளே விஷம் ஊறும் என்று, அன்றைக்கே தின்று தீர்க்கப்படும். தகர மூடியோ ஒரு தடவைக்குத்தான். அதனால் அவள் பிறந்தநாளுக்கு, திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் மூடிகள் மூன்று டஜன் கொடுத்தேன். வெள்ளை பிளாஸ்டிக், அடியில் சிவப்பு ரப்பர்.

பெட்டிக்குள் ஒரு காகிதம் இருந்தது. வேகவைக்குமுன் மூடியைப் பிடிக்கும் திருகு வளையத்தைக் கொஞ்சம் தளர்த்து, காற்று வெளியேறட்டும். வெளியே எடுத்ததும் இறுக்கு. மறுநாள் வளையத்தைக் கழற்றி, மூடியை மட்டும் பிடித்து ஜாடியைத் தூக்கிப் பார், கழன்று வராவிட்டால் சரி. இவ்வளவுதான் அதில். நான் அந்தக் காகிதத்தை எடுத்துவிட்டேன். வேறொன்றும் செய்யவில்லை.

முதல் சுற்று முடிந்ததும் போன் செய்தாள்.

"ஏன்டி வெல்மா, ஒண்ணுகூட டிங்னு சொல்லலியே. மூடியெல்லாம் ஊமையா?"

"இந்த ரகம் சத்தமே போடாதுடி. உன்னை மாதிரி இல்ல. வளையத்தை நல்லா இறுக்கி வேகவை, அப்புறம் கழட்டாம அப்படியே விட்டுடு."

சிரித்தாள். சத்தம் போடாது என்பது உண்மைதான். பொய் பாதிதான் சொன்னேன்.

கண்காட்சியில் நடுவர் வளையத்தைக் கழற்றுவார், மூடி கையோடு வந்துவிடும், ஊர் பார்க்கும். அதற்குமேல் நான் ஆசைப்படவில்லை. ஆனால் ஞாயிறு மதியம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டு, ஒரு ஜாடியை அவளே திறந்தாள். மூடி இழுக்காமலே வந்தது. மூடி பிடிக்கவில்லை, பீன்ஸ் விஷமாகியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் இல்லாத பரிசு மேசையை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். பிடித்திருந்தது. அவள் தட்டில் இரண்டாம் கரண்டி பரிமாறியதும் நான்தான்.

"என்னடி கொறிக்கிற? ஒரு வாய் தின்னா என் கைராசி ஒட்டிக்குமோன்னு பயமா?" என்றாள். சந்தேகம் வரக்கூடாதே என்று ஒரு வாய் எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கி, காகிதத்தில் துப்பிவிட்டேன். அநேகமாக முழுவதையும்.

திங்கள்கிழமை நாக்குக் குழற, தபால்காரன் இரண்டாகத் தெரிகிறான் என்றாள். மாலைக்குள் இமை தூக்க முடியவில்லை. இப்போது அவளுக்காக ஓர் இயந்திரம் மூச்சு விடுகிறது.

எழுதிக்கொள்ளுங்கள், தெரிந்தே செய்தேன். பயம் ஒன்றும் இல்லை, நான்தான் துப்பிவிட்டேனே.

ஒரே ஒரு சந்தேகம். காரின் கதவு ஒரு தடவைதான் சாத்திய சத்தம் கேட்டது. உங்கள் இருவர் மீசையிலும் ஒரே இடத்தில் கேக் துணுக்கு ஒட்டியிருக்கிறது. நீங்கள் இரட்டையர்தானே, தம்பி? ஆமாம் என்று சொல்லுங்கள்.