அரிக்கிற பொன்னாடை

தொண்ணூறுகளில் ஒரு சித்திரை மதியம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், தோளில் பொன்னாடையோடு ஒருவர் கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்தார்.

“என்ன சார், மாப்பிள்ளை மாதிரி?” என்றார் பக்கத்து சீட்காரர்.

“அனாதை இல்லத்துல கணக்கு எழுதுதேன். பதினெட்டு வருஷத்துல இன்னைக்குத்தான் மேடையேத்துனாவ.”

“நல்ல விஷயம்லா. ஏன் சொறியுதிய?”

“விழாவுக்கு வாரவியளுக்குப் போர்த்த மட்டத் துணியே போதும்னு வருஷாவருஷம் பில்லைக் குறைச்சவன் நான்தான். எனக்கே போர்த்துவாவன்னு யாரு கண்டா?”

“கழட்டிப் பையில வையுங்க.”

“அப்பா அங்க என்ன செய்யுதாவன்னு மக கேட்டா, ‘எல்லார்ட்டயும் பில்லு கேப்பாவ’ன்னு என் வீட்டுக்காரி சொல்லுதா. ரெண்டு பேரும் பாக்குத வரைக்கும் அரிக்கட்டும்.”